கோல்டன் வொண்டர் கில்லி: நாலு மாதமாகியும் குஞ்சு இல்லை

கோட்டாறு வாசி — ஜூன் 3, இரவு 9:40

வணக்கம். நாகர்கோவில் கோட்டாறில் இருக்கிறேன். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு ஜோடி கோல்டன் வொண்டர் கில்லி மீன் வாங்கினேன். இரண்டடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், அடியில் கொஞ்சம் வாலிஸ்னேரியா செடி, மேலே ஆகாயத்தாமரை. போர் தண்ணீர், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 410 காட்டுகிறது. வெப்பம் 28, 29. ஆண் நாள் முழுக்கப் பெண்ணைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. பெண்ணின் வயிறு பெருக்கும், இரண்டு நாளில் மெலிந்துவிடும், மறுபடி பெருக்கும். ஆனால் இதுவரை ஒரு குஞ்சைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. பெரும்பாலும் குருணைத் தீனி, எப்போதாவது கொசுப்புழு.

கப்பி வளர்த்த அனுபவம் மட்டும்தான் உண்டு. எங்கே தப்பு செய்கிறேன்?

பாசித்தொட்டி — ஜூன் 3, இரவு 10:15

தம்பி, பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. வயிறு பெருத்து மெலிகிறது என்றால் முட்டை போட்டாயிற்று. நாலு மாதமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பார்ப்பதற்குள் அதுகளே தின்றுவிடுகின்றன, அவ்வளவுதான்.

கப்பி மாதிரி இது குட்டி போடாது. ஏஞ்சல் மீன் மாதிரி ஓர் இலையில் நூறு முட்டையை வரிசையாக ஒட்டிவைத்துக் காவலும் இருக்காது. ஒரு நாளைக்கு ஐந்தோ பத்தோ, ஒவ்வொன்றாக, வேர்ச் சிக்கலுக்குள் போய் ஒட்டிவிட்டு வரும். அப்புறம் கண்ணில் பட்டால் அதே மீன்தான் தின்னும்.

இப்போதே ஒரு டார்ச் எடுங்கள். ஆகாயத்தாமரை ஒன்றை மெதுவாகத் தூக்கி, வேரை விரலால் விரித்துப் பாருங்கள். மேலே, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேரை முதலில் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோட்டாறு வாசி — ஜூன் 3, இரவு 11:05

அக்கா, இருக்கிறது!

மூன்றாவது செடியில் கிடைத்தது. கறுப்பு வேருக்குள் முதலில் நீர்க்குமிழி என்றே நினைத்தேன். விரலால் தள்ளினால் நகரவில்லை. வேரோடு உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்தேன். பொடி ஜவ்வரிசி வெந்து கண்ணாடியானால் எப்படி இருக்கும், அப்படி. லேசான மஞ்சள். ஒரு பக்கம் மெல்லிய நூல் மாதிரி ஒன்று வேரில் சுற்றியிருக்கிறது. மொத்தம் மூன்று. ஒன்றுக்குள்ளே இரண்டு கறுப்புப் புள்ளி தெரிகிறது, அது கண்ணா?

நசுங்கிவிடும் என்று பயந்து தொடவில்லை. மூன்றையும் வேரோடு வெட்டி ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.

பாசித்தொட்டி — ஜூன் 4, காலை 6:30

கண்ணேதான். ஒரு வாரத்துக்கு மேலான முட்டை. அது பொரிக்கும்.

பயப்படாமல் தொடலாம். கரு பிடித்த கில்லி முட்டை நல்ல உறுதியானது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினாலும் உடையாது. உருட்டும்போதே பிசுக்கென்று உடைந்தால் அது கரு பிடிக்காத முட்டை, அதற்காக வருத்தப்பட வேண்டாம். இந்த உறுதி இருப்பதால்தான் கில்லி வளர்ப்பவர்கள் உலகம் முழுக்க முட்டையைத் தபாலில் அனுப்பிக்கொள்கிறார்கள்.

இனி தினமும் செடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு மாப், அதாவது மீன் முட்டை ஒட்டிவைக்க ஒரு நூல்கொத்து, கட்டுங்கள். கடும்பச்சை அக்ரிலிக் நூல், பருத்தி வேண்டாம், அழுகும். ஒரு சாண் நீளத்துக்கு ஐம்பது இழை, தலைப்பில் இறுக்கிக் கட்டி, ஒரு தெர்மகோல் துண்டில் மாட்டி மிதக்க விடுங்கள். முதலில் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுங்கள், சாயம் போக வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாப்பை எடுத்து, தண்ணீர் வடியப் பிழிந்துவிட்டு, இழை இழையாகப் பிரித்துப் பார்த்தால் முட்டை கையில் தட்டுப்படும்.

குளச்சல் உப்புக்காற்று — ஜூன் 4, பிற்பகல் 1:20

அக்ரிலிக் எதற்கு? நம் மாவட்டத்தில் தும்புக்கா பஞ்சம்? நான் கதம்பல் தும்பைத்தான், தேங்காய் மட்டை நாரைத்தான், மாப்பாகக் கட்டினேன், மீன் முட்டையும் போட்டது. ஆனால் நாலாம் நாள் தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வந்து, அழுகின வாடை அடித்து, ஒரு பெண் மீன் செத்துப்போயிற்று. தும்பு சரியில்லையா, என் தண்ணீர் சரியில்லையா தெரியவில்லை. எங்கள் கிணறு கடலுக்கு முந்நூறு மீட்டர், டிடிஎஸ் 900க்கு மேல்.

பாசித்தொட்டி — ஜூன் 4, மாலை 4:45

அது எந்தத் தும்பு அண்ணே? காயலில் அழுகப்போட்ட கதம்பலில் இருந்து அடித்த தும்பா, மில்லில் பச்சைக் கதம்பலைக் கிழித்த தும்பா?

குளச்சல் உப்புக்காற்று — ஜூன் 4, மாலை 5:10

மணக்குடிப் பக்கமிருந்து வந்தது. அழுகப்போட்டதுதான்.

பாசித்தொட்டி — ஜூன் 4, மாலை 5:40

அதுதான் காரணம். காயல் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்த கதம்பல் உப்பையும் சேற்று வாயுவையும் குடித்திருக்கும். கயிறு திரிக்க அது அருமையான தும்பு, தொட்டிக்கு ஆகாது. மில் தும்பு என்றாலும் மூன்று தடவை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்து, கடைசித் தண்ணீர் இளநீர் மாதிரித் தெளிந்த பிறகுதான் போட வேண்டும். நான் இரண்டும் செய்துபார்த்தவள். தும்பில் மீன் ஆசையாகப் போகிறது, ஆனால் பழுப்பு இழையில் முட்டையைக் கண்டுபிடிக்கக் கண் வலித்துவிடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் நூலிலேயே தொடங்கட்டும்.

கோட்டாறு தம்பிக்கு இன்னொன்று. தொட்டியை மூடி வைத்திருக்கிறீர்களா? கொசுவலையாவது போடுங்கள். கில்லி மேல்மட்டத்தில் நிற்கிற மீன், ஆண் துரத்தும்போது பெண் வெளியே குதித்துவிடும். காலையில் தரையில் காய்ந்து கிடக்கும்.

ஏலாக்கரை — ஜூன் 5, காலை 5:50

இந்தப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு 68 வயது. பறக்கைப் பக்கம் நெல் விவசாயம்.

கோல்டன் வொண்டர் என்று கடையில் விற்கிற மீன் வெளிநாட்டு மீன் இல்லை மக்களே. அப்லோகைலஸ் லினியேட்டஸ் என்கிற நம் ஊர் மீனிலிருந்து பொன்னிறமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த வகை அது. தென்னிந்தியாதான் அதற்குச் சொந்த ஊர். மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். அதன் தம்பி ஒன்று, அப்லோகைலஸ் பிளாக்கி, சுண்டுவிரல் அளவுகூட வராது, உடம்பில் வரிசையாகப் பச்சைப் பொன் புள்ளி. நான் சிறுவனாக இருந்தபோது சானலில், அதாவது பாசனக் கால்வாயில், குனிந்து பார்த்தால் மீன் தெரியாது. தலையில் இருக்கும் வெள்ளைப் பொட்டு மட்டும் நீரின் மேலே நகர்ந்து போகும். பொட்டு போகிற பக்கமாக நாங்கள் கரையில் நடப்போம்.

நீங்கள் தண்ணீர், தீனி என்றெல்லாம் பேசுகிறீர்கள். நான் வயலைப் பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன். பேச்சிப்பாறை அணையை வழக்கமாக பிப்ரவரி கடைசியில் அடைத்து ஜூன் 1இல் திறப்பார்கள். இடையில் மூன்று மாதம் சானல் வற்றி, அங்கங்கே பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். மீன் அதில் ஒடுங்கிக் கிடக்கும். அப்புறம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் அணைத் தண்ணீரும் ஒன்றாக வரும். குளிர்ந்த புதுவெள்ளம், கன்னிப்பூ (முதல் போக நெல்) வயல் முழுக்கப் பரந்த ஆழமில்லாத தண்ணீர், கொசுப்புழுவும் நீர்ப்பூச்சியும் எக்கச்சக்கம். இரண்டே வாரத்தில் வரப்போரத்துப் புல்லடியில் கண்ணிமை முடி அளவுக் குஞ்சு கூட்டமாக நிற்கும். ஐப்பசி மழைக்குக் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) வயலிலும் அதே காட்சி.

ஆகவே உங்கள் தொட்டியில் ஒரு ஜூன் மாதத்தை உண்டாக்குங்கள். ஒரு வாரம் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து வையுங்கள். பிறகு மழைத் தண்ணீரைப் பிடித்து, இரண்டு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஓட்டுக் கூரையில் வடியும் முதல் மழையை விட்டுவிடுங்கள், தூசியும் எச்சமும் வரும். கூடவே உயிர்த்தீனியை அதிகமாக்குங்கள். குருணையில் வளர்கிற மீன் உயிரோடு இருக்கும், முட்டை குறைவாகத்தான் போடும்.

கோட்டாறு வாசி — ஜூன் 5, இரவு 8:30

ஐயா, இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவே இல்லை. நம் ஊர் மீனைத்தான் பெட்ரோல் செலவு பண்ணிப் போய் வாங்கி வந்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. மாப் கட்டிவிட்டேன். இன்று சாயங்கால மழையில் இரண்டு வாளி பிடித்திருக்கிறேன், டிடிஎஸ் 18. பிளாக்கி மீனை நானே குளத்தில் பிடிக்கலாமா? தேரூர் குளம் எனக்குப் பக்கம்.

ஏலாக்கரை — ஜூன் 6, காலை 6:10

தேரூரில் வேண்டாம். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் இரண்டு நீர்நிலைகளும் 2022இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. நாரைக்கும் முக்குளிப்பானுக்கும் அது சாப்பாட்டுத் தட்டு. உழவர் யாரையாவது தெரிந்தால் கேட்டுக்கொண்டு, அவர் வயல் வாய்க்காலில் நாலைந்து மீன் மட்டும் எடுங்கள். எடுக்கும்போது கம்பூசியா கலந்து வராமல் பாருங்கள். கொசுவுக்கென்று 1928இல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த மீன் அது. நம் பொட்டு மீன் செய்கிற அதே வேலையைச் செய்ய வந்து, இதன் குஞ்சையும் தின்று இடத்தையும் பிடித்துக்கொண்டது. சாம்பல் நிறம், நெற்றியில் பொட்டு இருக்காது.

தேன்கூடு மார்த்தாண்டம் — ஜூன் 6, இரவு 9:15

பேச்சைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். ஏலாக்கரை ஐயா சொன்ன 'வற்றும், நிறையும்' கணக்கைக் கடைசி எல்லைவரை கொண்டுபோன கில்லி ஒன்று உண்டு. நோத்தோபிராங்கியஸ். நான் இரண்டு வருடமாக குந்தெரி இனத்தை வளர்க்கிறேன். சான்சிபார் தீவின் மழைக்குட்டைகள் அதன் வீடு. குட்டை வற்றினால் மீன் எல்லாம் செத்துவிடும். சேற்றுக்குள் இருக்கும் முட்டை மட்டும் கருவளர்ச்சியை நிறுத்திவைத்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

வீட்டில் அந்தச் சேறு வேண்டும். வெளிநாட்டில் பீட் என்கிற மக்கிய பாசி மண் போடுகிறார்கள். நான் தென்னை நார்க்கழிவைக் கழுவிக் கொதிக்கவைத்துப் போடுகிறேன். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் ஒரு ஓட்டை, உள்ளே இரண்டங்குலம் நார்க்கழிவு. மீன் ஓட்டை வழியாக உள்ளே இறங்கி அதற்குள் முட்டை வைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்படியே எடுத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழிந்து, காகிதத்தில் பரப்பி உலர்த்துவேன்.

எவ்வளவு உலர வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தோற்பது. புட்டுக்கு மாவு நனைப்போமே, அந்தப் பதம். கையில் பிடித்தால் பிடி நிற்கணும், விரலால் தொட்டால் உதிரணும். தண்ணீர் சொட்டினால் முட்டை பூசணம் பிடிக்கும், பொடியாகப் பறந்தால் முட்டை சுருங்கும். அந்தப் பதத்தில் ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிடுவேன். ஏறக்குறைய மூன்று மாதம். நம் ஊர் வெக்கைக்கு அதற்கு முன்பே தயாராகும், அதனால் எட்டு வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை நாலு முட்டையை எடுத்து லென்ஸில் பார்ப்பேன். கண்ணைச் சுற்றிப் பொன் வளையம் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது.

சாயங்காலம் ஒரு தட்டையான பேசினில் கொட்டி, மண்பானைத் தண்ணீரை மூன்று விரல் உயரத்துக்கு ஊற்றுவேன். குளிர்ந்த தண்ணீர்தான் அதற்கு மழை. போன தடவை ஊற்றிவிட்டுச் சோறுண்டு வந்து பார்த்தேன். பழுப்புத் தண்ணீரில் வெள்ளி ஊசி மாதிரி நாற்பதுக்கு மேல் துள்ளிக்கொண்டிருந்தன. மூன்று மாதம் என் சட்டைகளுக்கு நடுவில் கிடந்த உலர்ந்த நாரிலிருந்து மீன் நீந்தி வருவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கை நடுங்கும்.

அந்த நாரைக் கொட்டிவிடாதீர்கள். எல்லா முட்டையும் முதல் தடவை பொரிக்காது. பொய்மழையில் மொத்த வம்சமும் அழியாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. மறுபடி உலர்த்தி ஒரு மாதம் கழித்து நனைத்தால் இன்னும் கொஞ்சம் வரும்.

குளச்சல் உப்புக்காற்று — ஜூன் 7, காலை 11:00

அருமை தம்பி. என் 900 டிடிஎஸ் தண்ணீருக்கு நோத்தோ சரிவருமா?

தேன்கூடு மார்த்தாண்டம் — ஜூன் 7, மாலை 3:30

கொஞ்சம் உப்பு அதற்கு நல்லதுதான் அண்ணே. வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோய் நோத்தோவுக்கு எமன், அதைத் தடுக்க நானே லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்புப் போடுகிறேன். ஆனால் கிணற்று நீரில் பாதி மழைத் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், குளம் குட்டையில் இதைக் கொண்டுபோய் விடாதீர்கள்.

கோட்டாறு வாசி — ஜூன் 14, இரவு 10:20

கணக்கு சொல்கிறேன். மழைத் தண்ணீர் ஏற்றத் தொடங்கி இன்றைக்கு ஆறாம் நாள். முதலில் மாப்பில் இரண்டு மூன்று முட்டை, நேற்று ஒன்பது, இன்று பதினொன்று! கொசுப்புழு தினமும் கொடுக்கிறேன். மொட்டைமாடி வாளியிலிருந்து நாலு நாளைக்கு ஒருமுறை மொத்தமாக வடித்துவிடுகிறேன், கொசுவாக விடுவதில்லை. அந்த முதல் மூன்று முட்டையில் இரண்டு பொரித்துவிட்டது.

ஒரு பிரச்சினை. டப்பாவில் சேர்த்த முட்டையில் ஏழெட்டு வெள்ளையாகிவிட்டது. மேலே பஞ்சு மாதிரி படர்ந்து பக்கத்து முட்டையிலும் ஏறுகிறது.

பாசித்தொட்டி — ஜூன் 15, காலை 6:20

வெள்ளையானதை உடனே எடுத்துவிடுங்கள், ஒரு நாள்கூட விடக் கூடாது. மெத்திலீன் ப்ளூ என்கிற பூசணம் தடுக்கும் நீல மருந்தை இளநீல நிறம் வரும் அளவுக்கு ஒன்றிரண்டு சொட்டு விடலாம். அதில் இன்னொரு வசதியும் உண்டு, செத்த முட்டை நீலத்தைக் குடித்துக் கறுத்துவிடும், உயிருள்ளது தெளிவாக நிற்கும். நான் இப்போது பெரும்பாலும் நாட்டு வாதாம் சருகு ஒரு துண்டுதான் போடுகிறேன்.

டப்பாவில் ஏர் பம்ப் வேண்டாம், அரை அங்குலத் தண்ணீர் போதும். 2017 நவம்பர் 30 ஓகிப் புயலில் எங்கள் வீட்டில் பத்து நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. மற்றத் தொட்டிகளில் பெரும்பாலானவை போய்விட்டன. செடி நிறைந்த சிமெண்ட் தொட்டியில் இருந்த மானத்துக்கண்ணியும் ஜன்னலோர டப்பாவில் இருந்த முட்டையும் மட்டும் பிழைத்தன. அன்றிலிருந்துதான் நான் முழுக்கக் கில்லிப் பக்கம் வந்தேன்.

கோட்டாறு வாசி — ஜூன் 27, இரவு 9:00

பதினான்காம் நாள் தாண்டிவிட்டது. ஐந்து முட்டையில் குஞ்சு முழுசாகச் சுருண்டு கிடக்கிறது, கண் அசைகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. உடைத்துவிடலாமா?

தேன்கூடு மார்த்தாண்டம் — ஜூன் 27, இரவு 9:25

உடைக்காதீர்கள். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால்தான் குஞ்சுக்கு வெளியே வரத் தோன்றும். சின்ன மருந்துக் குப்பியில் முட்டையையும் தண்ணீரையும் வாய்வரை நிரப்பி மூடி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடங்கள். உடம்புச் சூடும் குலுக்கலும் சேர்ந்து வேலை செய்யும். அரைமணிக்கு ஒருமுறை பார்த்து, பொரித்ததும் அகலமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

கோட்டாறு வாசி — ஜூன் 28, காலை 8:10

காலையில் பால் வாங்கப் போய்வந்தேன். சட்டைப்பையில் நாலு குஞ்சு! ஐந்தாவது இன்னும் முட்டைக்குள்.

இதோடு மொத்தம் 31 ஆகிறது. அம்மாவும் வந்து உட்கார்ந்து எண்ணினார்கள். இனி தீனிதான் கவலை.

பாசித்தொட்டி — ஜூன் 28, காலை 9:00

மனசு நிறைந்தது தம்பி.

கோல்டன் வொண்டர் குஞ்சு பெரிசு, முதல் நாளிலிருந்தே புதுசாய்ப் பொரித்த ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ச் சிற்றிறாலைத் தின்னும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, அயோடின் இல்லாதது. நம் புத்தளம் உப்பளத்து உப்பே போதும். அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, விடாமல் காற்று. 28 டிகிரியில் ஒரு நாள், ஒன்றரை நாளில் ஆரஞ்சு நிறமாக வரும். முட்டை ஓடுகளை விட்டுவிட்டு வெளிச்சத்துக்கு வருவதை மட்டும் உறிஞ்சி, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். பிளாக்கி குஞ்சு வந்தால் அதற்கு வாய் சின்னது. காய்ந்த வாழைச்சருகை ஒரு பாட்டில் தண்ணீரில் ஊறவைத்து நாலைந்து நாளில் கலங்கி வரும் நுண்ணுயிரை முதல் வாரம் கொடுக்க வேண்டும்.

குளச்சல் உப்புக்காற்று — ஜூன் 28, மாலை 6:40

நானும் மில் தும்பைக் கொதிக்கவைத்துப் பாதி மழைத் தண்ணீரில் போட்டேன். நேற்று ஆறு முட்டை. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எடுத்தேன், அக்கா சொன்னது சரி.

ஏலாக்கரை — ஜூன் 29, காலை 5:45

கோட்டாறு தம்பி, 31ஐயும் ஒரே பாத்திரத்தில் விடாதீர்கள். முதலில் பொரித்தது கடைசியில் பொரித்ததைத் தின்னும். வயலிலும் அப்படித்தான், பெரியது நிற்கும் இடத்தில் சிறியது இருக்காது. வாரம் ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்து வையுங்கள். ஒரு முழ வாய் உள்ள மண்தொட்டி இரண்டு என் வீட்டில் சும்மா கிடக்கிறது. ஞாயிறு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். வாய்க்காலில் பிளாக்கி வந்துவிட்டது, அதையும் காட்டுகிறேன்.

கோட்டாறு வாசி — ஜூன் 29, காலை 7:15

வருகிறேன் ஐயா. அந்த ஐந்தாவதும் இரவு பொரித்துவிட்டது.